பகல் யூனிட்டும் ராத்திரி ஷிப்டும்: மின்சாரச் சந்தை பற்றி வாசகர் கேள்விகள்

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்த வருடம் ஜூன் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அனல் மின் நிலையம் அமைக்க உரிமம் வேண்டாம், பெரிய நுகர்வோர் மின்வாரியத்தைத் தவிர வேறு இடத்திலும் வாங்கலாம் என்று அது சந்தையைத் திறந்துவிட்டது. அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு, காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து ஒரு பங்கை வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமையையும் வைத்தது. இந்த இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, கரன்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பதில்களையும் அதே முறையில் தருகிறோம்.

எங்களுடையது சிறிய பின்னலாடை யூனிட். ஹெச்.டி. (உயரழுத்த) இணைப்பு, ஒப்பந்த மின்தேவை 250 கே.வி.ஏ. வெளிநாட்டு பையர்கள் பசுமை மின்சாரம் எத்தனை சதவீதம் என்று கேட்டுப் படிவம் அனுப்புகிறார்கள். ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்தவர்கள் வெளியே வாங்க முடியாது என்றார்களே, இப்போது முடியுமா? யூனிட் 4 ரூபாய்க்கு சோலார் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? — வாசகர், திருப்பூர்

முடியும். 2022 ஜூன் 6 அன்று வந்த பசுமை மின்சார ஓபன் அக்சஸ் (பொதுப் பாதை வழியே வெளியே வாங்கும் வசதி) விதிகள், ஒரு மெகாவாட் என்ற வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டன. சொந்த உபயோகத்துக்கான கேப்டிவ் என்றால் அந்த வரம்பும் இல்லை. விண்ணப்பத்துக்கு 15 நாளில் பதில் வராவிட்டால், தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. 4 ரூபாய் என்பது சோலார் நிலையத்தின் வாசலில் உள்ள விலை. உங்கள் மீட்டருக்கு வந்து சேரும்போது அது வேறு விலை. கணக்குப் போடும் முறைக்காக மாதிரி எண்களை வைத்துப் பார்ப்போம். வழியில் 8 சதவீதம் இழப்பு என்றால், நூறு யூனிட்டுக்குப் பணம் கட்டி 92 யூனிட் பெறுகிறீர்கள். அப்போதே யூனிட் 4.35 ரூபாய் ஆகிவிடுகிறது. உயரழுத்தப் பாதைக்கும், விநியோகப் பாதைக்கான வீலிங் கட்டணத்துக்கும் சேர்த்து 1.30. குறுக்கு மானிய சர்சார்ஜ் (நீங்கள் வெளியே வாங்குவதால் மின்வாரியத்துக்குக் குறையும் மானியப் பணத்துக்கு ஈடு) 1.80. மொத்தம் 7.45 ரூபாய். மின்வாரியம் உங்களிடம் வாங்கும் யூனிட் கட்டணம் 7.25 என்றால், 4 ரூபாய் சோலாரில் யூனிட்டுக்கு 20 காசு நஷ்டம். கேப்டிவ் முறைக்கு அந்தச் சர்சார்ஜ் கிடையாது, அதில் 5.65 ஆகும். ஆகவே கையெழுத்துப் போடுமுன், உங்கள் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆண்டுக் கட்டண உத்தரவை எடுத்து, இந்த நான்கு எண்களையும் அதிலிருந்து நிரப்பிப் பாருங்கள்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாத பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் ஒப்பந்த மின்தேவைக்கான டிமாண்ட் சார்ஜ் இருக்கிறது. வெளியே வாங்கினாலும் மின்வாரியத்தின் ஒப்பந்த மின்தேவையை நீங்கள் விடப்போவதில்லை. அந்தச் செலவு அப்படியே தொடரும். ஒப்பிட வேண்டியது யூனிட் கட்டணத்தோடு மட்டும்.

மாலை பீக் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஹெச்.டி. இணைப்புகளுக்கு அந்த நேரத்தில் 25 சதவீதம் கூடுதல். சோலார் அதைத் தொடவே தொடாது. உங்கள் செலவில் பெரும் பங்கு மாலை ஷிப்டில் இருந்தால், எதிர்பார்த்த சேமிப்பு பாதியாகலாம். கடந்த 12 மாத பில்லில் பீக், பகல், இரவு என்று தனித்தனியாக யூனிட் அச்சாகியிருக்கும். முதல் வேலையாக அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

குரூப் கேப்டிவ் என்று சொல்லி 26 சதவீதப் பங்கு வாங்கச் சொல்கிறார்கள். நாங்கள் மூன்று ஆலைகள் சேர்கிறோம். இதில் எங்கே சிக்கல் வரும்? — வாசகர், கரூர்

வருடக் கடைசியில் வரும். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3ஆம் விதி இரண்டு சோதனைகளை வைக்கிறது. வாக்குரிமையுள்ள பங்குகளில் குறைந்தது 26 சதவீதம் உபயோகிப்பவர்களிடம் இருக்க வேண்டும். வருட உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே உபயோகிக்க வேண்டும். குரூப் என்றால் மூன்றாவதாக ஒன்று: அந்த உபயோகம் பங்கு விகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும், 10 சதவீதம் வரை விலகலாம். இந்த மின்சாரத்துக்காகவே தொடங்கிய தனி நிறுவனங்களுக்கும் விகிதக் கணக்கு பொருந்தும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எண்ணில் பார்ப்போம். நிலையம் வருடத்துக்கு 100 லட்சம் யூனிட் தருகிறது. உங்கள் மூவரின் பங்கு 13, 8, 5 சதவீதம். 51 லட்சத்தை அந்த விகிதத்தில் பிரித்தால் 25.5, 15.7, 9.8 லட்சம். முதல் ஆலை 10 சதவீத விலக்கோடு குறைந்தபட்சம் சுமார் 22.95 லட்சம் யூனிட்டை எடுத்தாக வேண்டும். ஆர்டர் இல்லாமல் அந்த ஆலை நாலு மாதம் மூடிக் கிடந்தால்? 18 லட்சத்தோடு நின்றுவிடும். அப்போது அந்த வருடம் முழுவதற்கும் கேப்டிவ் தகுதியே கேள்விக்குள்ளாகும். ஒழுங்காக எடுத்த மற்ற இரண்டு ஆலைகள்மீதும் சர்சார்ஜ் பின்தேதியிட்டு விழலாம்.

இதற்கு மூன்று தற்காப்புகள் உண்டு. ஒன்று, குறைந்தபட்ச உபயோகத்தின் கத்தி முனையில் நிற்காமல், எல்லோரும் தங்கள் சாதாரண உபயோகத்தைவிடக் குறைவாகவே பங்கு எடுப்பது. இரண்டு, யார் தவறினாலும் வரும் சர்சார்ஜை அவரே ஏற்க வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுவது. மூன்று, மார்ச் வரை காத்திராமல் டிசம்பர் மாதமே ஒன்பது மாதக் கணக்கை உட்கார்ந்து பார்ப்பது. மூன்று மாதம் கையில் இருந்தால் யூனிட் ஒதுக்கீட்டை மாற்றிச் சரிசெய்ய வழி கிடைக்கும். இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஒப்பந்த நாளன்று உள்ள வாசகத்தை வைத்தே முடிவெடுங்கள்.

எங்கள் நூற்பாலை 24 மணி நேரமும் ஓடுகிறது. வருட உபயோகம் முழுவதற்கும் சோலார் ஒப்பந்தம் போட்டால் "100 சதவீதம் பசுமை" என்று போர்டு வைக்கலாமா? அனல் மின் நிலையத்தில் உண்மையிலேயே நிலக்கரி குறையுமா? — வாசகர், ராஜபாளையம்

வருடக் கணக்கில் 100 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியின் மதிப்பு அந்தப் போர்டைவிடப் பெரியது.

ஒரு மெகாவாட் சீராக ஓடும் ஆலைக்கு வருடம் 87.6 லட்சம் யூனிட் வேண்டும். இங்குள்ள வெயிலில் ஒரு மெகாவாட் சோலார் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். ஆகவே கிட்டத்தட்ட 6 மெகாவாட் சோலார் தேவை. நல்ல வெயில் நாளில் நண்பகல் அந்த நிலையம் 4.5 மெகாவாட் தரும்போது உங்கள் ஆலை எடுப்பது ஒன்றுதான். மீதி மூன்றரை மெகாவாட் கிரிட் எனும் பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது. இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் எடுப்பது முழுக்க கிரிட் மின்சாரம். இந்தியாவின் மின் உற்பத்தியில் சுமார் நான்கில் மூன்று பங்கு நிலக்கரி. சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரவில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

நண்பகலில் கொடுத்த மூன்றரை மெகாவாட் அங்கே யாரோ ஒருவருக்காக எரிந்த நிலக்கரியைக் குறைக்கிறதே என்று கேட்கலாம். குறைக்கும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அனல் யூனிட்டை விரும்பிய அளவுக்கு இறக்க முடியாது. 55 சதவீதச் சுமைக்குக் கீழே கொதிகலனில் தீ நிலையாக நிற்காது என்பதால் அதுவே குறைந்தபட்ச அளவாக வைக்கப்பட்டது. 2023ல் மத்திய மின்சார ஆணையம் படிப்படியாக 40 சதவீதம் வரை இறக்கப் பழக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. எல்லா அனல் நிலையங்களும் அந்தத் தரையைத் தொட்டுவிட்ட ஒரு நண்பகலில், உங்கள் கூடுதல் சோலார் நிலக்கரியைத் தள்ளுவதில்லை. வேறொருவரின் சோலாரையோ காற்றாலையையோதான் நிறுத்தவைக்கிறது.

ஆர்.இ.சி. என்ற பசுமைச் சான்றிதழும் இதே கணக்குத்தான். ஒரு சான்றிதழ் 1000 யூனிட்டுக்குச் சமம். 2010ல் விதிகள் வந்தன, 2011ல் மின்சார எக்ஸ்சேஞ்சில் வியாபாரம் தொடங்கியது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் விலையின் கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் எடுத்துவிட்டன. விற்கும்வரை சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை. சட்டக் கடமையை முடிக்க அது வசதியான வழி. எந்த மணி நேரத்து யூனிட் என்று மட்டும் அதில் எழுதியிருக்காது.

ஆகவே எங்கள் யோசனை: 6 மெகாவாட் சோலாருக்குப் பதில் ஒன்றரை மெகாவாட் சோலாரும் 2 மெகாவாட் காற்றாலையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல இடத்துப் புதிய காற்றாலை மெகாவாட்டுக்கு 25 லட்சம் யூனிட் தரும். இரண்டும் சேர்ந்து 72.5 லட்சம், அதாவது 83 சதவீதம். போர்டில் எண் குறையும். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை இரவு ஷிப்டின் பெரும் பகுதியைக் காற்று தாங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று கைவிடும். அந்த மாதங்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யுங்கள். மிஞ்சிய யூனிட்டைக் கிரிட்டில் வரவு வைத்துப் பிறகு எடுக்கும் பேங்கிங், 2022 விதிகளின்படி மாதக் கணக்கில்தான் உறுதி. மாத உபயோகத்தில் குறைந்தது 30 சதவீதம் வரை அனுமதிக்க வேண்டும். ஆடி மாதக் காற்றை மார்கழிக்கு எடுத்துவைக்கும் திட்டத்தை இந்த விதியை நம்பிப் போடாதீர்கள்.

காற்றாலைக்கு "மஸ்ட் ரன்", அதாவது நிறுத்தாமல் ஓடவிட வேண்டும் என்ற அந்தஸ்து உண்டு என்கிறார்கள். ஆனால் காற்று நன்றாக வீசும் ஆனி, ஆடியில்தான் நிறுத்தச் சொல்லிச் செய்தி வருகிறது. என்ன நியாயம்? இழப்பீடு கேட்கலாமா? — வாசகர், உடுமலைப்பேட்டை

நிறுத்தச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. அதைப் பிரித்துக் காட்டுவதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

முதல் வகை தொழில்நுட்பக் காரணம். பாதை அளவுக்கு மீறிச் சூடாகிறது, துணை மின் நிலைய மின்மாற்றி நிரம்பிவிட்டது, கிரிட் அதிர்வெண் 50.05 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறிவிட்டது என்றால் நிறுத்தச் சொல்வது சரி. கிரிட் விழுந்தால் எல்லோருக்கும் இருட்டு.

இரண்டாவது வகை பணக் காரணம். விநியோக நிறுவனம் அனல் நிலையங்களோடு 25 வருட ஒப்பந்தம் போட்டிருக்கும். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் நிலக்கரிச் செலவு யூனிட்டுக்கு 3 ரூபாய் என்றும், உங்கள் காற்றாலைக்குத் தருவது அதைவிட அதிகம் என்றும் வைத்துக்கொண்டால், காற்றாலையை நிறுத்துவது அன்றைய கணக்கில் லாபமாகத் தெரியும். இதைத்தான் சட்டம் தடுக்கிறது. 2021ல் வந்த மஸ்ட் ரன் விதிகள், கிரிட் பாதுகாப்பு அல்லது தொழில்நுட்பத் தடை தவிர வேறு காரணத்துக்கு நிறுத்தினால், ஒப்பந்த விலையில் இழப்பீடு தர வேண்டும் என்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில், தமிழ்நாட்டு சோலார் நிலையங்களை நிறுத்தியது பற்றிய வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. நிறுத்திய நேரங்களில் அதிர்வெண் சாதாரண அளவில் இருந்ததா என்பது அந்த வழக்கில் முக்கியமாக ஆராயப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது நோட்டுப் போட்டு எழுதுவது. நிறுத்தச் சொன்ன செய்தியின் நேரம், எழுத்தில் வந்ததா தொலைபேசியிலா, திரும்ப ஓட்டச் சொன்ன நேரம், அந்த 15 நிமிடத் தொகுதிகளில் காற்று வேகம், பக்கத்தில் ஓடிய இயந்திரத்தின் உற்பத்தி, அந்த நேரத்து அதிர்வெண், துணை மின் நிலையத்தின் சுமை. தொலைபேசியில் சொன்னால் அன்றே மின்னஞ்சலில் "இத்தனை மணிக்கு உங்கள் உத்தரவுப்படி நிறுத்தினோம்" என்று அனுப்பிவையுங்கள். அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் நடுவில் இருந்து, பாதையிலும் நெரிசல் இல்லை என்றால், உங்கள் தரப்பு வலுவானது. காற்று வேகப் பதிவு இல்லாவிட்டால் எத்தனை யூனிட் போயிற்று என்று நிரூபிக்க வழியில்லை. பல கோரிக்கைகள் அங்கேதான் விழுகின்றன.

நிறுத்துவதைவிட நல்ல வழியும் சந்தையில் இருக்கிறது. 2020 ஜூன் 1 முதல் அரை மணிக்கு ஒரு ஏலம் நடக்கும் ரியல் டைம் சந்தை உண்டு. மிஞ்சும் காற்றை அங்கே மற்ற மாநிலத்துக்கு விற்கலாம். சந்தையைத் திறந்ததால் சூழலுக்குக் கிடைத்த நேரடி நன்மைகளில் இதை முதலில் சொல்வோம்.

எக்ஸ்சேஞ்சில் ஒரே நாளில் பகல் விலை தரையிலும் இரவு விலை 10 ரூபாயிலும் நிற்கிறதே, ஏன்? — பொறியியல் மாணவி, காரைக்குடி

மறுநாள் மின்சாரத்தை முதல் நாளே ஏலம் விடும் சந்தையில் ஒரு நாள் என்பது 15 நிமிடத் தொகுதிகள் 96. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி விலை. தேவையை நிறைவுசெய்யும் கடைசி யூனிட் கேட்கும் விலையே எல்லோருக்கும். நண்பகலில் எரிபொருள் செலவே இல்லாத சோலார் வரிசையில் முன்னே வந்து நிற்பதால் விலை விழுகிறது. சூரியன் மறைந்து வீடுகளில் விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில் சோலார் பூஜ்யம். நீர் மின்சாரம், எரிவாயு, மிஞ்சிய நிலக்கரிதான் கதி. 10 ரூபாய் என்பது கூரை. 2022 ஏப்ரலில் 12 ஆக வைத்து, 2023ல் 10 ஆக இறக்கினார்கள்.

இந்த இடைவெளிதான் சேமிப்பகத்தின் வருமானம். 2.50 ரூபாய்க்கு வாங்கி பேட்டரியில் ஏற்றினால், திரும்பக் கிடைப்பது 85 சதவீதம்; அடக்கம் 2.94. இரவில் 9 ரூபாய்க்கு விற்றால் யூனிட்டுக்கு 6 ரூபாய் மிஞ்சும். ஆனால் பேட்டரிகள் பெருகப் பெருக இடைவெளி குறுகும். ஆகவே வெறும் சந்தை விலையை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். அதனால்தான் நிலைத் தொகை தரும் ஏலங்கள் நடத்தப்படுகின்றன. தமிழ்நாட்டுக்கு இது புதுச் சங்கதியும் அல்ல. கடம்பாறையில் 100 மெகாவாட் கொண்ட நான்கு இயந்திரங்கள் 1980களின் கடைசியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் வேலையைச் செய்கின்றன. நான்கு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று திரும்பும். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே வகைத் திட்டம் உண்டு. படிக்கும் காலத்திலேயே ஒரு மாத விலைப் பட்டியலை எடுத்து, 96 தொகுதிக்கும் வரைபடம் போட்டுப் பாருங்கள். பாடப்புத்தகம் சொல்லாதது அதில் தெரியும்.

மின்சாரத்தைத் தனியார்மயமாக்கிய பிரிட்டன் நிலக்கரியை ஒழித்துவிட்டது. அப்படியென்றால் சந்தையே போதும் அல்லவா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பிரிட்டனின் கதையை மூன்று துண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும், ஐயா.

1990ல் மின் துறை பிரிக்கப்பட்டு விற்கப்பட்டபோது மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் நிலக்கரியில் வந்தது. புதிய நிறுவனங்கள் எரிவாயு நிலையங்களைக் கட்டித் தள்ளின. சூழல்மீது அக்கறை கொண்டு அல்ல. கட்டச் செலவு குறைவு, இரண்டு மூன்று வருடத்தில் முடியும், வடகடலில் எரிவாயு மலிவு. 2000ல் நிலக்கரியின் பங்கு மூன்றில் ஒன்று. எரிவாயுவின் கரியமிலம் நிலக்கரியில் பாதி என்பதால் காற்றுக்கு நன்மை கிடைத்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் நிலக்கரி அங்கேயே நின்றது. 2012ல் எரிவாயு விலை ஏறியபோது அது 40 சதவீதம் வரை திரும்ப ஏறியது. சந்தை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது: மலிவானதை வாங்கியது.

2013ல் அரசு கரியமிலத்துக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. 2015 முதல் ஐரோப்பியக் கரியமிலச் சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 18 பவுண்ட். 2019க்குள் நிலக்கரி 2 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தோடு கடைசி அடுப்பும் அணைந்தது. கூடவே வித்தியாசத் தொகை ஒப்பந்தம் என்ற ஏற்பாடும் இருந்தது. ஏலத்தில் ஒரு விலை முடிவாகும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறையும் தொகையைக் காற்றாலைக்குக் கொடுப்பார்கள். மேலே போனால் மிஞ்சியதை அது திருப்பித் தர வேண்டும். முதலீடு செய்பவருக்கு வருமானம் உறுதி, வாங்குபவருக்குக் கொள்ளை விலையிலிருந்து காப்பு.

கரியமிலம் வெளியிட ஆலைகள் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டிய ஐரோப்பாவின் கரியமிலச் சந்தை எதிர்ப் பாடம். 2005ல் தொடங்கி, அனுமதிச் சீட்டுகளை அள்ளிக் கொடுத்ததாலும் பொருளாதாரம் சரிந்ததாலும் 2013ல் டன் 5 யூரோவுக்குக் கீழே விழுந்தது. அந்த வருடங்களில் ஜெர்மனி ஒரு பக்கம் காற்றாலைகளை நட்டது, மறுபக்கம் பழுப்பு நிலக்கரியைத் தடையின்றி எரித்தது. 2019ல் தொடங்கிய, உபரிச் சீட்டுகளைச் சந்தையிலிருந்து உறிஞ்சும் ஏற்பாடு முடிவான பிறகே விலைக்கு உயிர் வந்தது. 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்டது.

அதிகச் செலவில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்த அனல் நிலையத்துக்குச் சந்தையில் ஏதாவது சலுகை உண்டா? — வாசகர், எண்ணூர்

வரிசை முறை அதற்கு எதிராகவே திரும்பலாம். கிரிட்டை இயக்கும் லோடு டெஸ்பாட்ச் சென்டர் யாரை முதலில் ஓட்டுவது என்பதை யூனிட்டின் மாறும் செலவை வைத்து முடிவு செய்கிறது. கந்தகத்தை வடிகட்டும் எஃப்.ஜி.டி. கருவிக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். நிலையத்தின் உற்பத்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தை அதுவே தின்றுவிடும். அந்தச் செலவையும் வரிசையில் கணக்கிட்டால், வடிகட்டும் நிலையம் பின்னே போகும், வடிகட்டாதது முன்னே வரும். எண்ணூரில் மூச்சை இழுப்பவருடைய மருத்துவச் செலவு எந்தக் கணக்கிலும் இல்லை.

2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வந்தது. இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டிய வேலைக்குத் திரும்பத் திரும்பத் தவணை கொடுத்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே தரப்பட்டது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் டெல்லி தலைநகர்ப் பகுதிக்கும் 10 கிலோமீட்டருக்குள் உள்ளவற்றுக்கு மட்டும் கடமை நிச்சயமாகத் தொடர்கிறது. கடும் மாசுப் பகுதிகளை ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். இது தவறான முடிவு என்பது எங்கள் கருத்து. வரம்பை வைத்தவர்கள், கட்டியவர்களின் செலவை ஈடுகட்டவும் கட்டாதவர்கள்மீது அபராதத்தை அதே வரிசையில் ஏற்றவும் முதல் நாளே வழி செய்திருக்க வேண்டும்.

நிலக்கரிமீது 2010ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய வரி, 2016ல் 400 ஆனது. 2025 செப்டம்பரில் அது நீக்கப்பட்டு, ஜி.எஸ்.டி. 5லிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. முந்தையது எடைக்கு வரி, இப்போதுள்ளது விலைக்கு வரி. மலிவான, சாம்பல் மிகுந்த நிலக்கரிக்கு இது சாதகம். 2023ல் அறிவித்த இந்தியக் கரியமிலச் சந்தையிலும் சிமென்ட், அலுமினியம், ஜவுளி எல்லாம் முதலில் வந்தன. மின் நிலையங்களை முதல் பட்டியலில் சேர்க்கவில்லை.

வீட்டு மாடியில் 3 கிலோவாட் வைத்திருக்கிறோம். எங்களுக்கும் நேரக் கணக்கு பொருந்துமா? — இல்லத்தரசி, திருச்சி

மத்திய விதிப்படி, பகல் நேரக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், பீக் நேரத்தில் வீடுகளுக்கு 1.1 மடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்; மாநில ஆணையம் எப்போது எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. 3 கிலோவாட் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் நடுவே ஓட்டுங்கள், ஆனால் ஒன்றாக அல்ல. பத்து நாளுக்கு ஒரு முறை பேனலைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வெயில் ஏறுமுன்.

பெரிய ஆலைகள் எல்லாம் வெளியே வாங்கப் போய்விட்டால், எங்களுக்கு வரும் இலவச மின்சாரம் என்ன ஆகும்? — விவசாயி, பட்டுக்கோட்டை

ஓபன் அக்சஸ் விவாதத்தில் பலரும் தொடாமல் விடும் கேள்வி இது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. இன்னொரு பகுதி, ஆலைகளும் கடைகளும் அடக்க விலைக்கு மேல் கட்டுவதிலிருந்து வருகிறது. அவர்கள் போனால் அந்தப் பணமும் போகும். அதை ஈடுகட்டத்தான் குறுக்கு மானிய சர்சார்ஜ். 2016 கட்டணக் கொள்கை அதற்கு 20 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2022 பசுமை விதிகள், பசுமை மின்சாரம் வாங்குபவருக்கு 12 வருடத்துக்கு அது 50 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்கின்றன. ஆகவே காலப்போக்கில் சுருங்கும் பணம் அது. அதையே நம்பியிருப்பது ஆபத்து.

சட்டத்தின் 65ஆம் பிரிவு, மானியம் அறிவிக்கும் அரசு அதை முன்கூட்டியே விநியோக நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. விவசாயிக்குத் தர வேண்டியதைப் பட்ஜெட்டில் நேராக எழுதி நேராகக் கட்டட்டும். ஆலையின் பில்லுக்குள் மறைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் இலவசமும் நிலைக்கும், பசுமை மின்சாரம் வாங்குபவர் உங்கள் எதிரியும் ஆகமாட்டார்.

செலவையே குறைக்கவும் வழி உண்டு. துணை மின் நிலையத்திலிருந்து வரும் ஒரு 11 கே.வி. பாதையில் (ஃபீடரில்) 5 ஹெச்.பி. மோட்டார்கள் நூறு என்று வைப்போம். ஒவ்வொன்றும் வருடம் 1000 மணி நேரம் ஓடினால் தலைக்குச் சுமார் 4,660 யூனிட், மொத்தம் 4.66 லட்சம். அதற்கு 310 கிலோவாட் சோலார் போதும். ஒன்றரை ஏக்கர் நிலம். விவசாயத்துக்கு சோலார் தரும் குசும் திட்டத்தின் மூன்றாவது பிரிவில் ஃபீடர் அளவில் இப்படி அமைக்க மத்திய அரசு நிதி வைத்தது. துணை மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உற்பத்தியாவதால் தொலைதூரப் பாதை இழப்பும் இல்லை, சோலாருக்குத் தோதாகப் பகலிலேயே தண்ணீர் இறைக்கலாம்.

கெடுவது மூன்று இடத்தில். விவசாய ஃபீடரும் ஊர் வீடுகளின் ஃபீடரும் தனித்தனியாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், மாலை வீட்டு உபயோகம் எல்லாம் சேர்ந்து கணக்கு குழம்பும். காலை எட்டு மணிக்கு நூறு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 466 கிலோவாட் கேட்கும்; மின்னழுத்தம் விழுந்து மோட்டார் எரியும். ஐம்பது ஐம்பதாகப் பிரித்து 8 முதல் 12 வரை ஒரு பாதி, 12 முதல் 4 வரை மறுபாதி என்று ஊரில் பேசி வைத்துக்கொண்டால் 233 கிலோவாட்டோடு நிற்கும். மூன்றாவது, மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரன்ட் வந்ததும் தானாக ஓடும்படி அதை விட்டுவைத்தால், முறை வைத்ததே வீண். அதை மாற்ற வேண்டியது ஒவ்வொரு பம்ப்செட் கொட்டகையிலும்.